நெடுங்கணக்கே முதற்பட்டியல் ஆகுக!

கணிப்பொறிக்குக் கட்டளை எழுதக் கற்கும் மாணாக்கன் முதலிற் கற்பது, ஒரு சொல்லைத் திரையில் தோன்றச் செய்வது. அடுத்துக் கற்பது, ஓர் எண்ணுக்குப் பெயரிட்டு வைப்பது. அதற்கும் அடுத்து அவன் கற்பது, பல பொருள்களை ஒரே பெயரின்கீழ் ஒழுங்குபட நிறுத்தி வைப்பது. இம்மூன்றாவதற்குப் பட்டியல் என்று பெயர். முன்னைய இரண்டும் நடை பழகுதல். பட்டியலோ வழிச்செலவின் தொடக்கம். ஊர்ப் பெயர்கள், மழையளவு, நூலகத்து நூல்கள், வாக்காளர் பெயர்கள் என்று நாம் எண்ணி அடுக்குவன அனைத்தும் பொறிக்குள் பட்டியலாகவே புகுகின்றன. பட்டியலை ஆளத் தெரியாதவன் நிரலாளன் ஆகான்.

அத்துணை அடிப்படையான பாடத்தை நம் பிள்ளைகளுக்கு எதனைக்கொண்டு கற்பிக்கிறோம்? பழங்களின் பெயர்களைக் கொண்டும், நிறங்களின் பெயர்களைக் கொண்டும், பொருளற்ற எண்களைக் கொண்டும் கற்பிக்கிறோம். அவற்றால் தீங்கில்லை. ஆயினும் பழப்பெயர் நான்கினை முன்பின்னாக அடுக்கினால் என்ன, பின்முன்னாக அடுக்கினால் என்ன? ஒழுங்கு என்பதற்கே இடமில்லாத பொருள்களைக் கொண்டு ஒழுங்கினைக் கற்பிப்பது, நீரில்லாத குளத்தில் நீந்தக் கற்பிப்பது போன்றதன்றோ?

இக்கட்டுரை வலியுறுத்துவது ஒன்றே. தமிழ் மாணாக்கன் எழுதும் முதற்பட்டியல் தமிழ் நெடுங்கணக்காக இருத்தல் வேண்டும். மொழிப்பற்றின் பொருட்டு மட்டும் இதனைக் கூறுகின்றோமில்லை. பட்டியலைப் பற்றித் தொடக்கநிலையிற் கற்க வேண்டிய அனைத்தையும் நெடுங்கணக்கு கற்பிக்கும். அதற்கு மேலும் வேறெந்தப் பட்டியலும் கற்பிக்காத ஒன்றையும் கற்பிக்கும். பொறி நம் எழுத்தைத் தவறாக எண்ணுகின்றது, தவறாக அடுக்குகின்றது என்பதையும், அத்தவற்றை ஒரு பள்ளிப்பிள்ளையே சில வரிகளில் திருத்திவிடலாம் என்பதையும் கற்பிக்கும்.

எந்த மொழியிற் கற்பது?

தொடக்கநிலையார்க்கு உகந்ததென இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் நிரல்மொழிகளுள் முன்னிற்பது பைத்தான். நெதர்லாந்து நாட்டின் ஆம்சுட்டர்டாம் நகரத்துக் கணக்கியல், கணிப்பொறியியல் ஆய்வு நடுவத்திற் பணியாற்றிய கைடோ வான் உரோசம் என்பார் 1989-ஆம் ஆண்டின் இறுதியில் அதனை ஆக்கத் தொடங்கி, 1991-இல் வெளியிட்டார். அதே நடுவத்தில் கற்பித்தலுக்கெனவே முன்னர் உருவான ஏபிசி என்னும் மொழியில் உழைத்துப் பெற்ற பட்டறிவு அவர்க்குத் துணை நின்றது. பெயரைக் கேட்டு மலைப்பாம்பை நினைக்க வேண்டா. பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைக் குழுவொன்றன் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது அது. தமிழ்நாட்டில் 2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியற் பாடநூலும் பைத்தானையே கற்பிக்கின்றது. பட்டியல் முதலிய தொகுப்புகளுக்கு அந்நூலில் தனி இயலே உண்டு.

2008-இன் இறுதியில் வெளிவந்த அம்மொழியின் மூன்றாம் பதிப்பு முதல், நாம் இடும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே இட இயலும். ஆங்கிலப் பெயர்தான் வைத்தாக வேண்டும் என்பது அன்றோடு ஒழிந்தது. அதனை அறியாத ஆசிரியர் பலர் இன்னும் தமிழ்ப் பிள்ளையிடம் ஒற்றை ஆங்கில எழுத்துகளையே பெயராக இடச் சொல்கின்றனர். கீழ்வரும் வரி பைத்தானில் அப்படியே செல்லும்:

உயிர் = ["அ", "ஆ", "இ", "ஈ", "உ", "ஊ", "எ", "ஏ", "ஐ", "ஒ", "ஓ", "ஔ"]

சதுர அடைப்பு பட்டியலின் எல்லை. காற்புள்ளி உறுப்புகளைப் பிரிக்கும் வேலி. இடப்புறத்துப் பெயர் பட்டியலை அழைக்கும் பெயர். இவ்வளவே எழுத்திலக்கணம். கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாகவே நிற்பது பைத்தானின் குறை. அவையும் தமிழாதல் வேண்டும் என்பார்க்கு எழில் என்னும் நிரல்மொழி உண்டு. முத்தையா அண்ணாமலை என்பார் ஆக்கிய அம்மொழியைப் பற்றிய கட்டுரை 2009-இல் வெளிவந்தது. பைத்தானின்மேற் கட்டப்பட்ட அம்மொழியில், திரையில் எழுதுக என்பதற்குப் 'பதிப்பி' என்பதே கட்டளை. உறழ்ந்து முடிவு செய்யும் இடத்து, ஆங்கிலத்திற்போல் கட்டளைச் சொல் முன்னே நில்லாமல், கூற்று முன்னும் 'ஆனால்' என்னுஞ் சொல் பின்னுமாக நிற்கும். தமிழ்த் தொடரின் நடையும் அதுவே. கற்பார் எதில் தொடங்கினும் பட்டியலின் இயல்பு ஒன்றே.

முதலெழுத்து எத்தனையாம் எழுத்து?

மேலே எழுதிய உயிர்ப்பட்டியலின் முதலாம் இடத்து எழுத்தைத் தருக என்று மாணாக்கன் கேட்டால், பொறி 'ஆ' என்னும்! அகரம் எங்கே போயிற்று என்று பிள்ளை திகைக்கும். பழப்பட்டியலாயின் இத்திகைப்பு எழாது; எழுதிய நிரலைத் திரும்பிப் பார்த்தே பிழையறிய வேண்டும். அகரம் முதலது என்பதோ நாவில் ஊறிய அறிவு. ஆகையால் பொறி வேறுவகையில் எண்ணுகின்றது என்பது உடனே விளங்கிவிடுகின்றது.

பொறி கேட்பது 'எத்தனையாவது' என்பதன்று. 'தொடக்கத்திலிருந்து எத்தனை அடி தள்ளி' என்பது. வாயிற்படியில் நிற்பவன் நடந்த தொலைவு சுழி. அடுத்த வீட்டின்முன் நிற்பவன் நடந்தது ஒரு வீட்டுத் தொலைவு. அவ்வாறே அகரத்தின் இடவெண் 0. ஆகாரத்தின் இடவெண் 1. பன்னிரண்டாம் உயிராகிய ஔகாரத்தின் இடவெண் 11. உறுப்புகள் 12, கடைசி இடவெண் 11. இவ்வோர் எண் வேறுபாட்டில் இடறாத நிரலாளர் உலகில் இலர். கடைசியிலிருந்து எண்ண வேண்டின் கழித்தற்குறி இட்டு -1 என்று கேட்கலாம், ஔகாரம் வரும்.

இனி ஓர் எச்சரிக்கையும் இங்கேயே கற்பிக்கத்தகும். 'முதல்' என்று வேறொரு பெயரிட்டு, அது 'உயிர்' என்பதற்கு ஈடென எழுதிவிட்டு, 'முதல்' பட்டியலின் இறுதியில் ஆய்தத்தைச் சேர்த்துப் பாருங்கள். 'உயிர்' பட்டியலிலும் ஆய்தம் நிற்கும். உயிர் பதின்மூன்று ஆகிவிடும்! ஏன்? பொறி புதிய பட்டியலை ஆக்கவில்லை. இருந்த பட்டியலுக்கே இரண்டாம் பெயர் வைத்தது. ஒரு வீட்டுக்கு இரு வாயில் திறந்ததே அன்றி இரு வீடு கட்டவில்லை. படி வேண்டின் படியெடுக்க என்று வெளிப்படையாகக் கட்டளையிட வேண்டும். உயிர் பன்னிரண்டே என்று அறிந்த பிள்ளைக்கு இப்பிழை கண்ணிற் குத்தும். பழக்கடைப் பட்டியலில் மறைந்தே கிடக்கும்.

நிரல்நிறை

இரண்டு பட்டியல்களை அருகருகே நிறுத்தி, முதலதை முதலதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் இணைத்துச் செல்லும் வழி பைத்தானில் உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பற்சங்கிலியின் பெயரை இட்டுள்ளனர். நமக்குப் புதுப்பெயர் வேண்டா. நிரல்நிறை என்பதே பெயர். தொல்காப்பியச் சொல்லதிகாரம் பொருள்கோளுள் ஒன்றாக நிரல்நிறையைக் கூறுகின்றது. பெயர்களை ஒரு நிரலாகவும் அவற்றின் வினைகளை மற்றொரு நிரலாகவும் நிறுத்தி, முறையே பொருத்திப் பொருள்கொள்ளும் நெறி அது. நன்னூல் அதனை நேர்முறையாகவும் எதிர்முறையாகவும் கொள்ளலாம் என்று விரிக்கின்றது. ஒரு பட்டியலைத் திருப்பிவிட்டு இணைத்தால் எதிர்நிரல்நிறை.

இதனைக் கொண்டு, தொல்காப்பியர் கணிப்பொறி கண்டார் என்று கூறுதல் வெற்றுரை. அத்தகைய கூற்றுகளால் தமிழுக்குப் பெருமை வாராது, நகைப்பே வரும். நாம் கூறுவது வேறு. ஒழுங்குபட நிறுத்திய இரு தொகுதிகளை இடமறிந்து பொருத்தும் எண்ணம் நம் இலக்கணக் கல்வியில் முன்பே உள்ளது. அதற்குச் சொல்லும் உள்ளது. உள்ள சொல்லைக் கைக்கொண்டால், மாணாக்கன் அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வான். இல்லாத சொல்லைத் திணித்தால், இரண்டையும் அறியாமல் ஒப்பிப்பான்.

பயிற்சியைப் பாருங்கள். வல்லினம் ஒரு பட்டியல்: க, ச, ட, த, ப, ற. மெல்லினம் மற்றொன்று: ங, ஞ, ண, ந, ம, ன. நிரல்நிறையாக இணைத்தால் க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என்று இனவெழுத்து ஆறிணையும் ஒருங்கே வரும். மாணாக்கன் மகிழ்வான். அடுத்துக் குறிலையும் நெடிலையும் இணைக்கச் சொல்லுங்கள். குறில் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. நெடில் ஏழு: ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ. அ-ஆ, இ-ஈ, உ-ஊ, எ-ஏ என்று நான்கிணை செம்மையாக வரும். ஐந்தாவதாக ஒகரமும் ஐகாரமும் இணையாக வந்து நிற்கும்! ஓகாரமும் ஔகாரமும் இணையின்றியே விடுபடும். ஏனெனில் குறைந்த பட்டியல் முடிந்ததும் பொறி வாயடைத்து நின்றுவிடும், பிழையென்று ஒரு சொல்லுங் கூறாது.

இவ்விடத்தில் ஆசிரியர் இலக்கணத்தைக் கையிலெடுக்கலாம். ஐகாரத்திற்கும் ஔகாரத்திற்கும் தமக்கெனக் குறில் இல்லை. அவை அளபெடுக்குங்கால் முறையே இகரமும் உகரமும் இசைநிறைக்கும் என்பது தொல்காப்பியம். ஆகவே குறிற்பட்டியலில் எகரத்திற்குப் பின் இகரத்தை இடைச்செருக வேண்டும். இறுதியில் உகரத்தைப் பின்னிணைக்க வேண்டும். செய்தால் ஏழும் ஏழும் பொருந்தும். நூலில் இடைச்செருகல் குற்றம்; பட்டியலில் அது ஒரு கட்டளை! இடைச்செருகல், பின்னிணைத்தல், நிரல்நிறை என்னும் மூன்று செயல்களையும், அவற்றோடு ஓர் இலக்கண உண்மையையும் பிள்ளை ஒரே பாடத்திற் பெற்றுவிட்டதே!

இருநூற்றுப் பதினாறு

மெய் பதினெட்டையும் ஒரு பட்டியலாக வைக்க. உயிரேறும் குறிகளை மற்றொரு பட்டியலாக வைக்க. அகரத்திற்குக் குறியில்லையாதலின் அதன் இடத்தில் வெறுமை நிற்கும். பிறகு கால், விலங்கு, கொம்பு என்று பதினொரு குறிகள். ஆகப் பன்னிரண்டு. மெய்ப்பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் குறிப்பட்டியல் முழுவதையும் ஒருமுறை சுற்றி வருக என்று, ஒரு சுழலுக்குள் மற்றொரு சுழலாக எழுதினால், பதினெட்டுப் பன்னிரண்டு 216 உயிர்மெய்யும் திரையில் அணிவகுக்கும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. பட்டியலின் நீளம் என்ன என்று பொறியைக் கேட்டால் 247 என்று விடை வரும். விடை 246 எனவோ 248 எனவோ வந்தால் நிரலிற் பிழை. விடை சரியா என்று ஆசிரியரைக் கேட்க வேண்டாத பயிற்சி இதனினும் சிறந்தது வேறுண்டோ?

தமிழ் என்பது எத்தனை எழுத்து?

இவ்வளவும் கற்ற மாணாக்கன், 'தமிழ்' என்னுஞ் சொல்லைப் பொறியிடம் கொடுத்து, இதனை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பட்டியலாக்குக என்று கட்டளையிடட்டும். மூன்றெழுத்து வரும் என்று எதிர்பார்ப்பான். வருவன ஐந்து! தகரம் ஒன்று, மகரம் ஒன்று, இகரக் குறி தனியே ஒன்று, ழகரம் ஒன்று, புள்ளி தனியே ஒன்று. த்+அ, ம்+இ, ழ் என்று இலக்கணம் பிரித்தாலும் ஐந்து வரும். ஆயின் அவ்வைந்து வேறு, இவ்வைந்து வேறு. இலக்கணம் மெய்யையும் உயிரையும் பிரிக்கும். பொறியோ உயிர்மெய்யை முழுமையாக வைத்துக்கொண்டு, அதன் உறுப்பைக் கையும் காலுமாக முறித்துப் போடுகின்றது. 'ம்' என்னும் மெய்யோடு இகரம் சேர்ந்து 'மி' ஆகும் என்பது நம் நெறி. 'ம'வின்மேல் ஒரு குறி ஏறியது என்பது பொறியின் நெறி. மெய்யெழுத்து அதற்கு எழுத்தே அன்று. அகரமேறிய எழுத்தின் தலையிற் புள்ளி வைத்தது.

'தேடாதே' என்பது முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் அதுவே. ஞானசம்பந்தர் மாலைமாற்றாகவே ஒரு பதிகம் பாடியுள்ளார். அச்சொல்லைப் பட்டியலாக்கித் திருப்பி, முன்னதும் பின்னதும் ஒன்றா என்று கேட்டால் பொறி 'அன்று' என்று கூறும். தகரத்தின் முன்னிருக்க வேண்டிய கொம்பு வேறோரிடத்திற் போய் ஒட்டிக்கொள்ளும். ஆங்கில மாணாக்கனுக்குத் தொடக்கப் பாடமாக இருக்கும் இப்பயிற்சி, தமிழ் மாணாக்கனுக்குத் தோல்வியில் முடிகின்றது. தோற்ற பிள்ளை என்ன எண்ணும்? 'தமிழ் பொறிக்கு ஏற்ற மொழியன்று' என்று எண்ணும். இவ்வெண்ணமே நாம் அஞ்சத்தக்கது. பிழை மொழியில் இல்லை, பொறியினுள் எழுத்தை வைத்த முறையில் உள்ளது என்பதை அப்பொழுதே அதற்கு யார் சொல்வது?

அடுக்கிலும் பிழை

எண்ணுவதில் மட்டுமோ பிழை? அடுக்குவதிலும் உண்டு. கலம், கவண், கழல், களம், கறவை, கனவு என்னும் ஆறு சொற்களும் அகரமுதலியில் நிற்கும் ஒழுங்கு இதுவே. ல, வ, ழ, ள, ற, ன என்பது நெடுங்கணக்கு. இவற்றைப் பட்டியலாக்கி, வரிசைப்படுத்துக என்று பைத்தானின் ஒற்றைச் சொற் கட்டளையை இட்டால், கனவு, கறவை, கலம், களம், கழல், கவண் என்று வரும். எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்று தொல்காப்பியம் தொடக்கத்திலேயே வகுத்தது. கடைசியில் நிற்க வேண்டிய அந்த னகரத்தை முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றது பொறி! 'அக்கா' என்பது 'அகம்' என்பதற்கு முன் வருதல் தமிழகரமுதலி முறை. பொறியோ அகத்தை முன்வைத்து அக்காவைப் பின்தள்ளும்.

இதன் கரணியம் மறைபொருள் அன்று. பொறி எழுத்தை அறியாது. எழுத்துக்கு இடப்பட்ட எண்ணையே அறியும். உலக மொழிகளுக்கெல்லாம் எண்ணிடும் ஒருங்குறி, 1991-இல் தன் முதற்பதிப்பை வெளியிட்டபொழுது, இந்திய எழுத்துகளுக்கு 1988-இல் வகுக்கப்பட்ட இசுக்கி என்னும் குறிமுறையைத் தழுவிக்கொண்டது. நாகரி முதலிய எழுத்துமுறைகள் யாவும் ஒத்த இடத்தில் ஒத்த ஒலி நிற்குமாறு ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. அவ்வச்சில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், ளகரத்தை அடுத்து ழகரமும் இடம்பெற்றன. வகரமோ எல்லாவற்றுக்கும் பின்னே சென்றது. சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவே கிரந்த எழுத்தொன்று வந்தமர்ந்தது. நம் நெடுங்கணக்கு அயலார் அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டது.

ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனியிடம் தரும் 'தமிழ் அனைத்து எழுத்துருக் குறிமுறை' பின்னர் உருவாக்கப்பட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டபொழுது, அதற்கு மாற்றாக இதனையும் ஏற்றது. ஆயினும் மாணாக்கன் கையிலுள்ள பொறி ஒருங்குறியிலேயே இயங்குகின்றது. ஒருமுறை இட்ட எழுத்தை இடம் பெயர்ப்பதில்லை என்பது ஒருங்குறியின் கட்டுறுதியான நெறி. ஆகவே எண் மாறும் என்று காத்திருத்தல் வீண். என் செய்வது? இங்கேதான் பட்டியல் துணைக்கு வருகின்றது.

திருத்தம் நம் கையில்

முதலில் எண்ணும் பிழையைத் திருத்துவோம். ஒரு வெறும் பட்டியலை வைத்துக்கொள்க. பொறி தந்த குறிகளை ஒவ்வொன்றாக எடுக்க. எடுத்தது சார்ந்து நிற்கும் குறியாயின், நம் பட்டியலின் இறுதி உறுப்போடு ஒட்டுக. அன்றாயின், புதிய உறுப்பாகப் பின்னிணைக்க. தகரம் வரும், நிற்கும். மகரம் வரும், நிற்கும். இகரக் குறி வரும், மகரத்தோடு ஒட்டி 'மி' ஆகும். ழகரம் வரும், நிற்கும். புள்ளி வரும், ஒட்டி 'ழ்' ஆகும். த, மி, ழ் என மூன்று! நான்கைந்து வரிகளில் முடிந்தது. 'தேடாதே' என்பதும் இனித் திருப்பினால் அதுவாகவே நிற்கும். இப்பணியைச் செய்யும் 'ஓப்பன்-தமிழ்' என்னும் கட்டற்ற நிரற்றொகுதியும் உண்டு. ஆயினும் ஒருமுறையேனும் மாணாக்கன் தன் கையால் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து அடுக்கும் பிழை. அகரமுதலி முறையில் நெடுங்கணக்கை ஒரே நீள்பட்டியலாக்குக: உயிர் பன்னிரண்டு, ஆய்தம், பின்னர் க், க, கா, கி என்று ஒவ்வொரு மெய்க்கும் பதின்மூன்று. பதினெட்டுப் பதின்மூன்று 234. முன்னைய பதின்மூன்றும் கூட்ட 247. இப்பட்டியலில் அகரத்தின் இடவெண் 0, ஆய்தத்தின் இடவெண் 12, 'க்' என்பதன் இடவெண் 13, இறுதியாகிய 'னௌ' என்பதன் இடவெண் 246. இனித் 'தமிழ்' என்பதன் எழுத்து மூன்றும் எவ்விடங்களில் நிற்கின்றன என்று கேளுங்கள்: 92, 133, 195. சொல் எண்பட்டியலாயிற்று. அவ்வாறே ஒவ்வொரு சொல்லையும் எண்பட்டியலாக்கி, அவ்வெண்களின்படி அடுக்குக என்று கட்டளையிட்டால், கலம் முதல் கனவு ஈறாக ஆறும் செம்முறையில் நிற்கும். அக்கா முன்னும் அகம் பின்னுமாகத் தத்தம் இடத்தை எய்தும்.

நோக்குங்கள்: பொறியின் எண்ணை நாம் மாற்றவில்லை, எவரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. நம் நெடுங்கணக்கைப் பட்டியலாக்கிப் பொறியின் முன்வைத்து, 'உன் எண் உன்னோடு. இங்கே இவ்வொழுங்கில் நில்' என்று ஆணையிட்டோம். பட்டியல் என்பதன் உண்மையான ஆற்றல் இதுவே. பொருள்களைச் சேர்த்து வைக்கும் பை அன்று அது. ஒழுங்கினைச் சுமந்து நிற்கும் கட்டளை.

மறுப்புகள்

'பெரிய நிரற்றொகுதிகளில் தமிழ் முறையில் அடுக்கும் வழி முன்பே உள்ளதே, இத்துணை உழைப்பு எதற்கு?' என்பர் சிலர். உள்ளது உண்மை, தொழில்முறையில் எழுதுவார் அதனையே பயன்கொள்க. நாம் பேசுவது கற்பாரைப் பற்றி. தொடக்கநிலை மாணாக்கன் இடும் எளிய கட்டளை அவ்வழியை நாடுவதில்லை. தேடிச் செல்ல வேண்டும் என்பதையே அறியாதவன் எங்ஙனம் தேடுவான்? பிழையான அடைவைச் சரியென்று நம்பி நூலின் இறுதியிற் சேர்த்துவிடுவான். நோயை அறிந்தவனே மருந்தை நாடுவான்.

'பட்டியலில் இல்லாத கிரந்த எழுத்து வந்தால்?' என்பர் வேறு சிலர். நல்ல வினா. பட்டியலில் இல்லாத ஒன்றன் இடத்தைக் கேட்டால், பைத்தான் பிழையறிவித்து நின்றுவிடும். அவ்வெழுத்துகள் தமிழுக்கு வேண்டா என்பது நம் கொள்கை. ஆயினும் ஊரார் பெயர்ப்பட்டியலை அடுக்கும் நிரல், ஒருவர் பெயரைக் கண்டு நின்றுவிடலாகாது. அவற்றை னகர வரிசைக்குப் பின்னே சேர்க்க. எழுத்துச் சீர்மை உள்ளத்திலிருந்து வர வேண்டும். ஒருவர் பெயரைப் பட்டியலிலிருந்து தள்ளி வருவதன்று.

'நிரல் எழுதும் தொழில் ஆங்கிலத்தில்தானே நிகழ்கின்றது?' என்பர் இன்னுஞ் சிலர். தொழிலிடத்தில் ஆங்கிலச் சொற்களை மாணாக்கன் கற்றுக்கொள்வான். சில கிழமைகளில் கற்கத்தகும் சொற்கள் அவை. அச்சொற்களின் பின்னுள்ள கருத்து தாய்மொழியில் வேரூன்றினால்தான் நிலைக்கும். அன்றியும், ஆங்கிலச் சொல்லைக் கொண்டு பயின்ற எவனுக்கும் 'தமிழ்' ஐந்தாகப் பிரியும் என்பது தெரிய வாராது. அவன் எடுத்துக்காட்டில் ஓரெழுத்துக்கு ஓரெண்ணே. தமிழைக் கொடுத்துப் பார்க்காதவனுக்குத் தமிழின் இடர் தெரியாது. இடர் தெரியாதவன் தீர்வு காணான்.

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த முறை பட்டியலைக் கற்பிக்கும்பொழுது, பழக்கூடையை ஒருபுறம் வையுங்கள். கரும்பலகையில் பன்னிரண்டு உயிரையும் எழுதி, சதுர அடைப்பிடுங்கள். இடவெண்ணையும் பின்னிணைப்பையும் நிரல்நிறையையும் சுழலுள் சுழலையும் அதனைக்கொண்டே காட்டுங்கள். பின்னர்த் 'தமிழ்' என்னுஞ் சொல்லைப் பிள்ளைகள் கையிற் கொடுத்து, எத்தனை எழுத்து என்று பொறியைக் கேட்கச் சொல்லுங்கள். ஐந்து என்னும் விடை கண்டு அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்பொழுது, விடையைச் சொல்லிவிடாதீர்கள். அவர்களே திருத்தட்டும்.

தமிழ இளைஞரே! நம் நெடுங்கணக்கைப் பிறர் தத்தம் வாய்ப்புக்கேற்ப அடுக்கிவிட்டனர் என்று புலம்பிக்கொண்டிருத்தல் போதும். ஏட்டிலிருந்து அச்சுக்கு அதனைக் கொண்டுவந்தவர்கள் நம் முன்னோர். அச்சிலிருந்து பொறிக்குள் அதனைச் செம்முறையில் நிறுத்த வேண்டியவர்கள் நாம். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா, அரசாணையும் வேண்டா. ஒரு பட்டியல் போதும். அகரத்தில் தொடங்கி எழுதுங்கள்!